பாறைக்கடியில் முனிசாமி அண்ணன்

1

அண்ணன் இறந்து இந்த மாதத்தோடு ஒரு வருடமாகிறது. ஊரில் சரளா அண்ணி பிக்கு ஒருவரை வரவழைத்து வீட்டில் வழிபாடு வைத்து, பக்கத்து லைன் வீடுகளுக்கெல்லாம் சாப்பாடு போட்டார். நான் அதைக் கைபேசியில் பார்த்தேன். யாரோ கைபேசியை அலமாரிமேல் சாய்த்து வைத்திருந்தார்கள். பாதி கூரையும், வந்துபோகிறவர்களின் தலைகளும், ஒரு மின்விசிறியும் தெரிந்தன. பிக்குவின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. இங்கே எனக்கு வேலைக்குக் கிளம்பும் நேரம். சீருடையில் நின்றபடியே கை கூப்பினேன். பேருந்து வந்துவிடும் என்று பாதியில் அணைத்துவிட்டேன்.

என் பெயர் யசோதரா. பிறந்தது கே.ஜி.எஃப். என்கிற கோலார் தங்கவயலில், ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடு ஒன்றில். தாத்தா காலத்தில் பௌத்தரான குடும்பம் என்பதால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இப்படித்தான் பெயர். அண்ணன் கௌதமன். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அப்பாவைப் போலவே அவரும் சுரங்கத்தில் இறங்கினார். சுரங்கத்தை மூடிய பிறகு, விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய் ஏதோ ஒரு கம்பெனி வாசலில் காவலுக்கு நின்றார். முழங்கால் ஒத்துழைக்காமல் போனபோது வீட்டோடு இருந்துவிட்டார். அவருக்கும் அண்ணிக்கும் பிள்ளைகள் இல்லை.

நான் கல்யாணமாகி ஜெர்மனி வந்து இருபத்துச் சொச்சம் வருடங்கள். ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. நாங்கள் இருக்கும் ஊரும் ஒரு காலத்தில் நிலக்கரி வெட்டிய ஊர்தான். ஜெர்மன் மொழியில் ஷிப்டுக்கு ‘ஷிஹ்ட்’ என்பார்கள், சுரங்கக் குழிக்கு ‘ஷாஹ்ட்’. வேலையில் சேர்ந்த புதிதில் என் பெண் மேலாளரிடம், “நாளைக்கு மதியக் குழிக்கு வருகிறேன்” என்று சொல்லிவிட்டேன். அவர் அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சிரிக்காமல், “குழிக்குப் போகாதே, அங்கே இப்போது தண்ணீர்தான் இருக்கிறது” என்றார். இதை அண்ணனிடம் சொன்னபோது, “அங்கயும் தண்ணி ரொம்பிடுச்சா” என்று கேட்டார்.

2

செவ்வாய்க் கிரகத்துப் படங்களை முதலில் கண்டுபிடித்தவர் அண்ணன்தான். ஊரடங்கு நேரம். வெளியே போக முடியாது. கையில் புதுக் கைபேசி. அங்கே ஊர்ந்துகொண்டிருக்கும் ரோவர் வண்டி எடுக்கும் படங்களை அப்படியே இணையத்தில் போட்டுவிடுகிறார்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டு, “யசோ, சயனைட் மேட்டுக்கு யாரோ கேமரா எடுத்துகினு போய்கீறாங்க, பாரு” என்று ஒரு படம் அனுப்பினார். தங்கம் பிரித்த பிறகு கொட்டி வைத்த மண் எங்கள் ஊரில் குன்றுகளாகக் கிடக்கிறது. அதைத்தான் சயனைட் மேடு என்போம். மழையில் வரிவரியாக அரித்து, புல் முளைக்காமல் கிடக்கும். அந்தப் படமும் அப்படியேதான் இருந்தது. நான் நம்பிவிட்டேன். அண்ணன் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அதுவே எங்கள் விளையாட்டு. எனக்கு மதியச் சாப்பாடு முடிந்த நேரம், அவருக்குச் சாயங்காலம். வீடியோவில் பேசிக்கொண்டே அந்த வாரத்துப் படங்களைப் பார்ப்போம். விநோதமாக எதைப் பார்த்தாலும் வட்டம் போட்டு அனுப்ப வேண்டும். அது என்ன மாதிரி இருக்கிறது, உண்மையில் என்னவாக இருக்கும் என்று இரண்டும் சொல்ல வேண்டும். செருப்பு, தவளை, கவிழ்த்து வைத்த பாண்டலிச் சட்டி, மிளகைக் கொட்டினாற்போல உருண்டைக் கற்கள், பாறையில் அளவெடுத்து வெட்டியதுபோல ஒரு கதவு. பெரும்பாலானவை காற்று அரித்ததும் சாய்ந்த வெயிலின் நிழலும்தான்.

என் மகள் மாயாவுக்கு அப்போது பதினைந்து வயது. தமிழ் புரியும், பேச வராது. மாமாவிடம் “நல்லா இருக்கீங்களா, சாப்டீங்களா” என்பதோடு முடிந்துவிடும். இந்தப் படங்கள் வந்த பிறகு அவளும் பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தாள். கல், நிழல், குழி, மேடு என்று நாலைந்து சொற்களை வைத்துக்கொண்டே அவளும் மாமாவும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். ஒருநாள் அவள் உற்சாகமாக, “மாமா, இங்கே நிறைய கள்ளு இருக்கு” என்றாள்.

அண்ணன் கைபேசியைக் கிட்டத்தில் கொண்டுவந்து, “எங்கம்மா? எங்க கீது சொல்லு. நான் நாளைக்கே கெளம்பறேன்” என்றார்.

பின்னால் நின்ற அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஏன் சிரிக்கிறார்கள் என்று நான் ஜெர்மன் மொழியில் விளக்கிய பிறகு மாயாவும் சிரித்தாள். ஒரு பெண்ணுக்கும் அவள் தாய்மாமனுக்கும் நடுவே இவ்வளவு தூரம் இருந்தும், நெருக்கம் என்று ஒன்று இருந்தது என்றால் அது அந்த வருடங்களில்தான்.

3

அப்புறம் ஒரு ஞாயிறு. அடுக்கடுக்கான ஒரு பாறை விளிம்பு. அதற்கடியில் கறுப்பாக ஒரு இடுக்கு. அண்ணன் அதில் வட்டம் போட்டிருந்தார்.

“இதுக்கு அடியில பாரு யசோ.”

“பார்த்தேன் அண்ணா. என்ன மாதிரி இருக்கு?”

“மாதிரி இன்னா மாதிரி. ஆளு உக்காந்துகினு கீறான்.”

மாயா சிரித்தாள். “என்ன செய்றார், மாமா?”

“வேலை முடிஞ்சுடுச்சு. கேஜுக்குக் காத்துகினு கீறான்.”

கேஜ் என்றால் ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றும் இரும்புக் கூண்டு. நானும் சிரித்தேன், விளையாட்டின் புது வகை என்று நினைத்து. “யாரண்ணா அது?” என்று கேட்டேன்.

“தெரியலையா? நம்ம முனிசாமி.” அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

முனிசாமி அண்ணன் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். அண்ணனுக்குச் சுரங்கத்தில் ஜோடியாக வேலை பார்த்தவர். நான் பத்தாவது படித்த வருடம் கீழே பாறை வெடித்தது. அந்த ஆழத்தில் பாறை சொல்லாமல் வெடிக்கும். அவர் ஒருவர் உள்ளே மாட்டிக்கொண்டார். மீட்கப் போன ஆட்களில் அண்ணனும் இருந்தார். மறுபடி மறுபடி வெடித்ததால் அவர்களை மேலே வரச் சொல்லிவிட்டார்கள். வேறு வழியும் இருந்ததாக யாரும் சொல்லவில்லை. கடைசியில் அந்த இடத்தை அப்படியே அடைத்துவிட்டார்கள். உடல் மேலே வரவே இல்லை. அன்றைக்கு அண்ணன் மேலெல்லாம் சாம்பல் பூசினாற்போல வந்து, குழாயடியில் உட்கார்ந்து காலைக் கழுவினார். காலைக் கழுவிக்கொண்டே இருந்தார். அம்மா போய் எழுப்ப வேண்டியிருந்தது. அதற்கப்புறம் அந்தப் பேச்சை எங்கள் வீட்டில் அவர் எடுத்ததே இல்லை.

முனிசாமி அண்ணனின் மனைவி பவுனம்மாள், மாமியார் வீட்டோடு ஸ்கெலட்டன் என்ற பகுதிக்குப் போய், ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக வேலை பார்த்தார். இரண்டு வீட்டுக்கும் பெரிய தூரமில்லை. ஆனால் பஜாரில் பவுனம்மாளைக் கண்டால் அண்ணன் எதிர்ப்பக்கம் போய்விடுவார் என்று அண்ணி ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

அடுத்த வாரம் அண்ணன் விளையாட்டைத் தொடங்கவே இல்லை. நேராகவே சொன்னார்: “வண்டி நகந்துடுச்சு யசோ. அவன அங்கயே வுட்டுட்டுப் போவுது. நீ அவங்களாண்ட சொல்லு.”

“யார்கிட்ட அண்ணா?”

“படம் எடுக்கறவங்களாண்டதான். நீ வெளிநாட்டுலதானே கீற? வண்டியத் திருப்பச் சொல்லு.”

ஒவ்வொரு வாரமும் அந்தப் பாறை தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. பின்பக்கக் கேமராவில் சக்கரத் தடத்துக்கு அப்பால் கோடாகத் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. “சொன்னியா?” என்பார். “சொல்றேன் அண்ணா” என்பேன். எங்கள் இல்லத்தில், ஐம்பது வருடம் முன் செத்துப்போன கணவர் கதவருகே நிற்கிறார் என்று ஒரு பாட்டி சொன்னால், மறுக்கவும் கூடாது, ஆமாம் என்றும் சொல்லக் கூடாது, “அவரைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று பேச்சைக் கொடுக்க வேண்டும். அதைத்தான் எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஜெர்மன் மொழியில் அதை நான் நாள் முழுக்கச் செய்வேன். என் அண்ணனிடம் தமிழில் எனக்கு அது வாயில் வரவே இல்லை.

மாயா ஞாயிறுகளில் வந்து உட்காருவதை நிறுத்திக்கொண்டாள். “மாமாவின் கண்ணைப் பார்த்தால் பயமாக இருக்கிறது” என்று ஜெர்மனில் சொன்னாள். கொஞ்ச நாளில் படிப்புக்காக வேறு நகரத்துக்குப் போய்விட்டாள்.

4

அண்ணி தனியாகக் கூப்பிட்டார். சுவரில் ஈரம் பூத்த கறையில் ஆள் தெரிகிறதாம். மடித்து வைத்த போர்வையைக் குழந்தை என்கிறாராம். “டீ போட்டா ரெண்டு கிளாஸ் வெக்கச் சொல்றாரு பாப்பா. காலைல நல்லாத்தான் பேசறாரு. அப்பறம் வேற ஆளு ஆயிடறாரு. சரியா சாப்புடறதும் இல்ல. இது இன்னா?”

அது இன்னதென்று எனக்குத் தெரிந்திருந்தது. எங்கள் இல்லத்தில் அந்த நோயோடு நாலு பேர் இருந்தார்கள். அதன் பெயரை ஜெர்மனில் மூச்சு விடாமல் சொல்வேன். தமிழில் எனக்கு ஒரு சொல்லும் கிடைக்கவில்லை.

“மூளையில வர்ற நோய் அண்ணி. இல்லாத ஆளுங்க கண்ணுக்குத் தெரிவாங்க. பெங்களூர்ல நரம்பு டாக்டர்கிட்ட காட்டுங்க.”

“மருந்து கீதா?”

“கொஞ்சம் அடங்கும். போகாது.”

பெங்களூர் டாக்டரும் அதையேதான் சொன்னார்.

உடனே கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் அப்போதுதான் நான் ஜெர்மன் குடியுரிமை வாங்கியிருந்தேன். இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்தாயிற்று. ஒப்படைத்ததற்கான சான்றிதழ் வந்தால்தான் விசாவுக்கு விண்ணப்பம், விசா வந்தால்தான் ஊருக்குப் போக முடியும். தூதரக அலுவலகத்தைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. வரிசை நீளம், அவ்வளவுதான். கவுண்டரில் இருந்த பெண் நம் பக்கத்துக்காரிதான். பிறந்த இடம் என்ற கட்டத்தைக் காட்டி, “ஊரிகமா? கே.ஜி.எஃப்.பா? எது ஊர்?” என்று கேட்டாள். இரண்டும் ஒன்றுதான் என்றேன். ஒன்றைக் கோடு போட்டு அடிக்கச் சொன்னாள். ஊரிகத்தை அடித்தேன்.

அந்தக் காத்திருப்பில்தான் இன்னொன்றும் நடந்தது. அண்ணன் கைபேசியைத் தண்ணீர் டிரம்மில் போட்டுவிட்டார். வேறு கைபேசி வாங்கியதும் அவர் தேடியது அந்தப் படத்தைத்தான். இல்லை. எனக்கு அவர் அனுப்பியதும் நான் கைபேசி மாற்றியதில் போயிருந்தது. எந்த நாள் படம் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் நினைவில்லை. “அவனத் தொலைச்சுட்டேன் யசோ” என்று அழுதார். என் அண்ணன் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மாயாவிடம் சொன்னேன். இரண்டு மூன்று நாள் கழித்து அந்தப் படம் என் கைபேசிக்கு வந்தது. ஆயிரக்கணக்கான படங்களுக்கு நடுவே எப்படித் தேடினாளோ. படத்தோடு ஒரு வார்த்தையும் எழுதியிருக்கவில்லை.

கைபேசியில் இருந்தால் மறுபடி தொலையும் என்று கடைத்தெருவில் போய்ப் பெரிதாக அச்சடித்தேன். கடைக்காரப் பையன் படத்தைச் சுருட்டிக்கொண்டே, விடுமுறைக்குப் போனீர்களா, இது எந்த இடம் என்று கேட்டான். வேறொரு யோசனையில் இருந்தவள், “வீடு” என்று சொல்லிவிட்டேன். அவன் வெளியே கொட்டும் மழையை ஒருமுறை பார்த்துவிட்டு, “வெயில் நிறைய இருக்கிறது போல” என்றான்.

5

விசா வந்ததும் கிளம்பி, பங்காரப்பேட்டையில் ரயில் மாறி ஊரிகத்தில் இறங்கினேன். வாசலில் நாற்காலி போட்டு அண்ணன் உட்கார்ந்திருந்தார். சட்டை தோளில் தொங்கியது.

“வந்துட்டியாம்மா. எளச்சுப் பூட்ட” என்றார். என்னை அடையாளம் தெரிந்தது. அந்த ஒரு காலைப்பொழுது போதும், வந்ததற்கு அதுவே போதும் என்று நினைத்தேன்.

படத்தை விரித்துக் காட்டினேன். விரலால் பாறை விளிம்பைத் தடவிக்கொண்டே போய், இடுக்கில் நிறுத்தினார். “கீறான்” என்றார். அதைக் கட்டிலுக்கு எதிரே சுவரில் ஒட்டச் சொன்னார். அவருக்கு நிம்மதி வரும் என்று நினைத்துத்தான் கொண்டுபோனேன். வந்தது வேறு. தட்டை வைத்தால் படத்தைப் பார்ப்பார். “அவன் இன்னும் மேல வரல. நான் மட்டும் எப்படித் துன்றது?” என்று தட்டைத் தள்ளிவிடுவார். நாளுக்கு நாள் ஒரு வாய், இரண்டு வாய் என்று குறைந்தது. படத்தை எடுத்துவிடலாம் என்றால், கையை வைத்ததுமே கத்தினார்.

பவுனம்மாளைப் போய்ப் பார்க்கலாமா என்று அண்ணியிடம் கேட்டேன்.

“அந்தம்மாவாண்ட போய் இன்னான்னு சொல்றது? உன் புருஷன் படத்துல உக்காந்துகினு கீறாருன்னா? பாவம், வுடு பாப்பா.”

விட்டேன். ஆனால் லைன் வீடுகளில் சேதி நிற்காது. ஒரு முற்பகல் அவரே வந்தார். எழுபது வயதிருக்கும். சின்ன உருவம், வெள்ளைத் தலை, கையில் ஒரு துணிப்பை. வாசலில் நின்று, “தம்பி கீதா?” என்றார்.

அவரைப் பார்த்ததும் அண்ணன் எழுந்து ஓடப் பார்த்தார். கால் வரவில்லை.

“உக்காரு. எங்க வூட்டுக்காரர நீ பாத்தியாமே. எனக்கும் காட்டு.”

அண்ணன் கையை நீட்டிச் சுவரைக் காட்டினார். பவுனம்மாள் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படத்துக்குக் கிட்டத்தில் போய் நின்றார். அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரிந்ததுதான். கல்லும் நிழலும். ரொம்ப நேரம் பார்த்தார். திரும்பிவந்து கட்டிலில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எப்படிக் கீறாரு?”

“உக்காந்துகினு கீறாருக்கா. முழங்காலக் கட்டிகினு.”

“தலையில தொப்பி கீதா?”

“கீது. விளக்குதான் அணைஞ்சுடுச்சு.”

“அடி பட்டுகீதா?”

அண்ணன் தரையைப் பார்த்தார். “தெரியலக்கா. நான் பக்கத்துல போவல.” அப்புறம் ஒவ்வொரு சொல்லாக வந்தது. “கூப்ட்டாரு. கௌதமான்னு கூப்ட்டாரு. எனக்குக் கேட்டுது. பாறை வெடிச்சுகினே இருந்துது. எல்லாரும் மேல போங்கன்னாங்க. ஏறி வந்துட்டோம். நான் ஏறி வந்துட்டேங்க்கா.”

இத்தனை வருடத்தில் இதை அம்மாவிடமும் சொல்லவில்லை, அண்ணியிடமும் சொல்லவில்லை. அண்ணி அடுப்படி வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பவுனம்மாள் அழவில்லை. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். “ஒரே அடியில போயிட்டாருன்னு சொன்னாங்க எனக்கு. நானும் அப்படியே நெனச்சுகினு இருந்துட்டேன்” என்றார். பிறகு, “உன் பேரச் சொல்லியா கூப்ட்டாரு?”

“ஆமாங்க்கா.”

“அப்போ நீ வந்துகீறன்னு தெரிஞ்சுகீது அவருக்கு.”

சாலையில் ஆட்டோ ஒன்று போனது. பவுனம்மாள் அடுப்படிப் பக்கம் திரும்பி, “சரளா, இன்னா செஞ்சு வெச்சுகீற?” என்றார்.

“களியும் கீரையுங்க்கா.”

“கொண்டா.”

தட்டைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். களியைக் கிள்ளிக் கீரையில் தோய்த்து அண்ணனின் வாயருகே கொண்டுபோனார். அண்ணன் வழக்கம்போலச் சுவரைப் பார்த்தார்.

“அவர நான் பாத்துக்கறேன். நீ துன்னு” என்றார் பவுனம்மாள்.

அண்ணன் வாயைத் திறந்தார்.

6

இதனால் நோய் குணமாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். ஆகவில்லை. சுவர்க்கறையில் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். போர்வைக் குழந்தை அழுதுகொண்டே இருந்தது. ஆனால் வண்டியைத் திருப்பச் சொல் என்று மட்டும் அவர் அப்புறம் கேட்கவே இல்லை. பவுனம்மாள் வாரத்தில் இரண்டு மூன்று நாள் வந்தார். வந்த நாளில் அண்ணன் சாப்பிட்டார்.

விடுப்பு முடிந்து நான் திரும்பினேன். கிளம்பும்போது என்னை அவருக்குத் தெரியவில்லை. “டவுனுக்கா போறீங்க? பாத்துப் போங்க” என்றார். அண்ணன் என்னைப் பன்மையில் அழைத்தது அதுதான் முதலும் கடைசியும். சரிங்க என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

சில மாதம் கழித்து நெஞ்சில் சளி கட்டி இறந்துபோனார். டிக்கெட் கிடைத்து வருவதற்குள் அடக்கம் முடிந்துவிடும் என்றார்கள். போகவில்லை. அன்றைக்கு வேலைக்குப் போனேன். எல்லோருக்கும் காலை உணவு கொடுத்தேன். சாப்பிட மறுத்த ஒரு கிழவரின் எதிரே கரண்டியோடு உட்கார்ந்திருந்தபோது என் வாயில் ஜெர்மன் வரவில்லை. பவுனம்மாள் சொன்னதையே தமிழில் சொன்னேன். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, இரண்டு வாய் சாப்பிட்டார்.

மாயாவுக்குச் செய்தி சொன்னபோது நிறைய நேரம் அழுதாள். அதற்கப்புறம் எங்கள் பேச்சு மறுபடி குறைந்துவிட்டது. கோபமில்லை. அவளுக்கு அவள் ஊர், அவள் நண்பர்கள். செவ்வாயிலிருந்து இன்னும் படங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. நான் பார்ப்பதில்லை. அவள் பார்க்கிறாளா என்று கேட்டதில்லை.

வழிபாடெல்லாம் முடிந்து அண்ணி என்னோடு பேசினார். சுவரில் இருந்த படத்தைப் பவுனம்மாள் கேட்டு வாங்கிக்கொண்டாராம். பஜாரில் கொடுத்துச் சட்டம் போட்டு, ஸ்கெலட்டன் வீட்டுக் கூடத்தில், புத்தர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாராம். அண்ணி போயிருந்த அன்றைக்குச் சிலிண்டர் போட வந்த ஆள் அதைப் பார்த்து, இது எந்த இடம்மா என்று கேட்டிருக்கிறான்.

“எங்க வூட்டுக்காரரு வேலை செய்யற எடம்” என்றாராம் பவுனம்மாள்.

“தூரமா?”

“தூரந்தான்” என்று சொல்லிவிட்டு, காலி சிலிண்டரை அவன் பக்கம் உருட்டிவிட்டாராம்.